ஏகாம்பரத்தின் பெயரில் ஒரு டிக்கெட்

கொள்முதல் நடைமுறைக் கையேட்டின் ஏழாம் பிரிவு, நான்காம் உட்பிரிவு இது: ‘ஆதரவு ஒப்பந்தத்தில் தொடர்பாளராகப் பதிவு செய்யப்படுபவர் நிறுவனத்தின் நிரந்தரப் பணியாளராக இருத்தல் வேண்டும். அவர் இல்லாத வேளைகளில் பேசுவதற்கென மாற்றுத் தொடர்பாளர் ஒருவரும் பதிவு செய்யப்படுதல் வேண்டும்.’

அந்த வாசகத்தை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். நல்ல வாசகம்தான். ஆனால் தொடர்பாளர், மாநகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவராக இருக்கக்கூடாது என்று தனியே ஒரு வரி சேர்க்க வேண்டுமென எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. குழுக்களுக்குக் கற்பனை குறைவு.

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். திறந்த மூல இயங்குதளத்துக்கு மாறும்போது விற்பனையாளரின் ஆதரவை விலை கொடுத்து வாங்க வேண்டுமா, வேண்டாமா? நீங்கள் எதிர்பார்ப்பது ஓர் அட்டவணை. இந்தப் பக்கம் சாதகம், அந்தப் பக்கம் பாதகம். அட்டவணைகளை நானும் நிறையப் போட்டிருக்கிறேன். தணிக்கையாளர்களுக்கு அவை மிகவும் பிடிக்கும். உங்களுக்கு ஏகாம்பரத்தைப் பற்றிச் சொன்னால் கூடுதலாகப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கார்களுக்கான ரப்பர் குழாய்கள் செய்யும் ஆலையில் நான் கொள்முதல் பிரிவுக்குத் தலைவியாக இருந்தேன். எங்களிடமிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு லேபிள் இருக்க வேண்டும். லேபிளை அச்சிடும் சர்வர் நின்றால் லாரி நிற்கும். லாரி நின்றால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஒரு கார் ஆலையின் உற்பத்தி வரிசையே நிற்கும். அதற்குப் பிறகு நாங்கள் சப்ளையராக நீடிப்பது சந்தேகம்.

அந்த சர்வரில் இருந்த பழைய இயங்குதளத்துக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று அதைச் செய்தவர்களே அறிவித்துவிட்டார்கள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய லினக்ஸுக்கு மாறலாம் என்றாள் கற்பகம். கணினிப் பிரிவில் பொறியாளர். குத்தம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி வந்து பஸ் மாறி வேலைக்கு வருவாள். ஸ்டோர்ஸில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு மாதக்கணக்கில் ஓட்டிவந்தாள்; அங்கே யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

கூட்டத்தில் ஆலை மேலாளர் ஒரே கேள்வி கேட்டார். “ஓசியில வர்றது கெட்டுப்போனா யார் சட்டையைப் பிடிக்கிறது?”

“சட்டையைப் பிடிச்சா சர்வர் ஓடாது சார். அது தெரிஞ்சவங்க ரெண்டு பேர் நம்மகிட்டயே இருந்தா ஓடும்” என்றாள் கற்பகம்.

மேலாளர் சொன்னதும் சரி, கற்பகம் சொன்னதும் சரி. அந்த இயங்குதளம் இரண்டு விதமாகக் கிடைத்தது. இலவசமாக எடுத்துக்கொண்டால், சந்தேகம் வரும்போது உலகமெங்கும் உள்ள பயனர்கள் கூடும் இணைய மன்றத்தில் கேட்கலாம். யாராவது பதில் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். அதையே ஒரு நிறுவனத்தின் முத்திரையோடும் ஆதரவு ஒப்பந்தத்தோடும் விலைக்கும் வாங்கலாம். லேபிள் சர்வருக்கு ஒப்பந்தம் வேண்டும் என்று நான் முடிவெடுத்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் எடுப்பேன். ‘மிக அவசரமான கோளாறுகளுக்கு ஒரு மணி நேரத்தில் பதில்’ என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. பதில் என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருளோ, ஒப்பந்தத்தில் அதன் பொருள் ‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்பதுதான். இதை மட்டும் எங்காவது எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

தொடர்பாளராகக் கற்பகத்தைப் பதிவு செய்யச் சொன்னேன். விற்பனையாளரின் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். நமக்கெல்லாம் இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்தைக் கட்டம் ஏற்றுக்கொள்ளவில்லை. கற்பகம் அதை விரித்து அப்பாவின் பெயரை எழுதினாள்: கற்பகம், ஏகாம்பரம். எங்கோ வடக்கே உட்கார்ந்திருந்த எழுத்தர் ஒருவர் அதை நிதானமாகத் திருப்பிப் போட்டு, திரு. ஏகாம்பரம் என்ற பொறியாளரை உருவாக்கிவிட்டார். மாற்றுத் தொடர்பாளருக்கான கட்டத்தில் கற்பகம் பிரபுவின் பெயரை எழுதியிருந்தாள். அவன் அவளுக்கு அடுத்த நிலையில் இருந்த பொறியாளன். அந்தக் கட்டம், எங்கள் வகை ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது என்று விற்பனையாளரின் பதிவில் காலியாகவே விடப்பட்டது.

அன்றிலிருந்து ‘அன்புள்ள ஏகாம்பரம்’ என்று மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. தொலைபேசியில் அழைத்தால் “ஏகாம்பரம்தானே பேசுவது?” என்று கேட்பார்கள். கற்பகம் கூச்சமே இல்லாமல் “ஆமாம், ஏகாம்பரம்தான்” என்பாள். அறையே சிரிக்கும்.

நான் சிரித்துவிட்டு, ஏழாம் பிரிவைக் காட்டி, பெயரைத் திருத்தச் சொல்லி எழுதவைத்தேன். ‘என் பெயர் கற்பகம். ஏகாம்பரம் என் தந்தை. அவர் உங்கள் தொடர்பாளர் அல்லர். அவர் பெயரை நீக்கவும்.’ தெளிவான கடிதம். நகல் எனக்கு. ‘அன்புள்ள ஏகாம்பரம், உங்கள் பெயரில் ஒரு டிக்கெட் பதிவு செய்யப்பட்டுள்ளது’ என்று உடனே பதில் வந்தது. புகாருக்கு அவர்கள் தரும் எண்ணுக்குப் பெயர் டிக்கெட். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நினைவூட்டினோம். டிக்கெட் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

ஏகாம்பரத்தை நான் பார்த்தது ஆயுத பூஜையன்று. அன்றைக்குக் குடும்பத்தினரை ஆலைக்குள் விடுவார்கள். சர்வர் அறையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு வாழைத்தாரைச் சாத்தியிருந்தார்கள். நடத்துநர்களுக்கே உரிய நிற்கும் முறை ஒன்று உண்டு. கால்களை அகட்டி, எதன்மீதும் சாயாமல். அப்படி நின்று அந்த இரும்பு அலமாரியை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார் ஒருவர்.

“மேடம், நான்தான் ஏகாம்பரம்” என்றார். “இதுல இன்ஜினியர் நான்தானாமே?”

“பெரிய பொறுப்பு” என்றேன்.

“ஐயப்பன்தாங்கல் டிப்போல காலமெல்லாம் நான்தான் ஊருக்கே டிக்கெட் குடுத்துகினு இருந்தேன். இப்ப எவனோ எனக்கு டிக்கெட் குடுக்கிறான். ஆனா வண்டிதான் கெளம்ப மாட்டேங்குது. இன்னா மேடம் டிப்போ இது?”

தினமும் கற்பகம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, இன்றைக்குத் தனக்குக் கடிதம் வந்ததா என்பதுதானாம். தாயில்லாத வீடு, அவர்கள் இரண்டே பேர். அப்பாவும் மகளும் ஒரு பந்தயம்கூடக் கட்டியிருந்தார்கள். நம்மூரில் டிக்கெட் வாங்குவது என்றால் செத்துப்போவது என்றும் ஒரு பொருள் உண்டு, உங்களுக்குத் தெரியும். “அவன் பதில் போடறது முன்னால வருதா, நான் டிக்கெட் வாங்கறது முன்னால வருதான்னு பாக்கலாம்னேன். இது பதில்தான் முன்னாலன்னு சொல்லுது. எம்மேல அவ்ளோ நம்பிக்கை” என்று மகளைக் காட்டிச் சிரித்தார்.

கற்பகம் “பேசாம வா நைனா” என்று அவர் கையில் சுண்டலைத் திணித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கார்த்திகை மழையில் ஒரு நாள், நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது. ‘நைனா போயிட்டாரு மேடம். தூக்கத்துலயே. இன்னிக்கு வர முடியாது.’ விடுப்புக்கு முன் தகவல் தர வேண்டும் என்ற விதியை அந்த நிலையிலும் கடைப்பிடித்திருந்தாள். மதியம் வருகிறேன் என்று எழுதிவிட்டு ஆலைக்குப் போனேன். அங்கே லேபிள் சர்வர் எழுந்திருக்கவில்லை.

விற்பனையாளர் அனுப்பிய அப்டேட் ஒன்று முந்தைய நாள் இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு சர்வர் கிளம்பும் வழியிலேயே நின்றுவிட்டது. அதைப் பற்றிய விவரங்கள் உங்களுக்கு வேண்டாம். பிரபு திரையையே பார்த்தபடி நின்றான். ஏதாவது செய்து பார்க்க அவனுக்குத் துணிவு இருந்தது. ஆனால் விற்பனையாளர் சொல்லாமல் கை வைத்தால் ஆதரவு செல்லாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஆதரவுக்கு அழைத்தேன்.

எதிர்முனையில் பேசிய பெண் மிகவும் மரியாதையானவள். திரு. ஏகாம்பரத்தோடு மட்டுமே பேச முடியும் என்றாள். அவரால் வர முடியாது என்றேன். எப்போது வருவார் என்று கேட்டாள். இனிமேல் வர மாட்டார் என்றேன். நிறுவனத்தை விட்டுப் போய்விட்டாரா என்றாள். போய்விட்டார் என்று மட்டும் சொன்னேன். அப்படியானால் வேறு தொடர்பாளரை நியமிக்கலாம், அதற்குத் திரு. ஏகாம்பரத்தின் ஒப்புதல் வேண்டும். அவருடைய கைபேசிக்கு ஓடிபி அனுப்புகிறேன், அதைச் சொன்னால் போதும் என்றாள்.

அந்தக் கைபேசி எண் கற்பகத்தினுடையது.

“மேடம், நீங்களே ஏகாம்பரம்னு சொல்லியிருக்கலாம்” என்று பிரபு மெதுவாகச் சொன்னான். “கற்பகம்கூட அப்படித்தானே...” பாதியில் அவனே நிறுத்திக்கொண்டான்.

ஆலை மேலாளர் கைபேசியை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. நாற்பது பேர் மாதச் சம்பளத்தை அந்த ஒரு வாடிக்கையாளரை நம்பி வாங்குகிறார்கள் என்பது அவர் தலைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். “ஆறு நம்பர். ஒரு நிமிஷ வேலை. நான் கூப்பிட்டுக் கேக்கறேன். அந்தப் பொண்ணு தப்பா எடுத்துக்காது.”

“எடுத்துக்க மாட்டா சார். அதனாலதான் கூப்பிட வேணாம்னு சொல்றேன்.”

“லைன் நின்னா?”

“நின்னா, கூப்பிட வேணாம்னு சொன்னது நான்தான்னு என் பேரைப் போட்டு எழுதுங்க.”

அவர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “சரி, வேற வழி சொல்லுங்க” என்றார். அவரை நான் அதிகம் மதித்த நாள் அதுதான்.

இங்கேதான் உங்களிடம் நான் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. நெருக்கடியில் நமக்கு முன்னால் இரண்டு கேள்விகள் ஒன்றாக வந்து நிற்கும். சர்வரை எழுப்புவது எப்படி என்பது ஒன்று. லாரியை அனுப்புவது எப்படி என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே கேள்வி என்று நினைத்தால், கண்ணுக்குத் தெரியும் ஒரே வழி சாவு வீட்டுக்குப் போன் போடுவதாகத்தான் இருக்கும். பிரித்துப் பார்த்தால், லாரி போக சர்வர் தேவையில்லை. லேபிள்தான் தேவை.

வாடிக்கையாளரான கார் ஆலையின் தரக் கையேட்டை நான் படித்திருந்தேன். அடுத்தவர்களின் கையேடுகளைப் படிப்பது என் கெட்ட பழக்கம். முன்கூட்டியே அனுமதி பெற்றால் கையால் எழுதிய லேபிளோடு சரக்கை ஏற்கலாம் என்று அதில் ஒரு விதி இருந்தது. அனுமதி தர வேண்டியவர் அவர்களுடைய சரக்கு வரவுப் பிரிவு அதிகாரி. ‘முடியாது’ என்ற சொல்லுக்காகவே அறியப்பட்டவர். அழைத்தேன். அவருடைய விதியை அவருக்கே படித்துக் காட்டினேன். ஏன் அச்சிட முடியவில்லை என்று கேட்டார். ஏகாம்பரத்தைப் பற்றிச் சொன்னேன், ஓடிபி வரைக்கும்.

“கொட்டை எழுத்துல எழுதச் சொல்லுங்கம்மா” என்றார். “எங்க ஆளுங்களுக்குக் கண்ணு அவ்வளவா தெரியாது.”

கேன்டீன் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு எழுதினோம். கணக்குப் பிரிவு, தரப் பிரிவு, பாதுகாவலர் என்று பேனா பிடிக்கத் தெரிந்த எல்லோரும். ஆலை மேலாளரும் வந்து உட்கார்ந்தார். அவர் எழுதியதைப் பிரபு தூக்கிப் பார்த்து, “சார், இது ஆறா, பூஜ்யமா?” என்றான். அவரைப் பசை தடவும் வேலைக்கு மாற்றினோம். லாரி தாமதமாகத்தான் கிளம்பியது. ஆனால் கிளம்பியது.

இனி சர்வர். பிரபு பயனர் மன்றத்தில் கேட்க அனுமதி கேட்டான். அங்கே யாராவது வழி சொன்னால் அதைச் செய்து பார்க்க வேண்டும். செய்தால் ஒப்பந்தம் முறியலாம். ‘என் பொறுப்பில் செய்யவும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அவனிடம் கொடுத்துவிட்டு, ஒரு மாலை வாங்கிக்கொண்டு குத்தம்பாக்கம் கிளம்பினேன்.

பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே மழைத் தண்ணீர் தேங்கி, வண்டிகள் ஒன்றை ஒன்று பார்த்தபடி நின்றன. நான் போய்ச் சேர்ந்தபோது இன்னும் எடுக்கவில்லை. தெருவில் ஷாமியானாவின் கீழ் ஐஸ் பெட்டி. தலைமாட்டில் அவருடைய பழைய விசிலை யாரோ வைத்திருந்தார்கள். டிப்போவிலிருந்து காக்கிச் சட்டையோடு இருவர் அப்போதுதான் வந்து, விசிலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பெண்களுக்கு நடுவில் கற்பகம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒப்பாரி வராது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. ஈரமான கையில் கைபேசி இருந்தது.

“ஓடிபி வந்துச்சு மேடம்” என்றாள். “ஏதோ ஆயிடுச்சுன்னு தெரிஞ்சிச்சு. நீங்க கூப்பிடுவீங்கன்னு போனைக் கையிலயே வெச்சிகினு இருந்தேன். கூப்பிடவே இல்லையே.”

“தேவைப்படல கற்பகம்.”

“லாரி?”

“போயிடுச்சு.”

“சர்வர் ஓடுதா?”

“ஓடுது” என்றேன்.

கைபேசியை என் மடியில் வைத்தாள். பிறகுதான் அழத் தொடங்கினாள். நெடுநேரம் அழுதாள். அந்தக் கைபேசியை அவளுடைய அத்தை ஒருவர் எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

பணிக்காலம் முழுவதிலும் நான் தெரிந்தே சொன்ன தவறான தகவல் அது ஒன்றுதான். ஏகாம்பரத்தை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகு பிரபுவிடமிருந்து செய்தி வந்தது: ‘ஓடுது மேடம்.’ மன்றத்தில் யாரோ ஒருவர், எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாது, முந்தைய பதிப்பிலிருந்து கிளப்பும் வழியைச் சொல்லியிருந்தார். யார் பேசுவது என்று அவர் கேட்கவில்லையாம். நன்றி சொல்வதற்குள் வேறு யாருக்கோ பதில் எழுதப் போய்விட்டாராம்.

உடனே, இலவசமே போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடுத்த ஆண்டு அதே சர்வரில் வேறொரு கோளாறு வந்தது. மன்றத்தில் எழுதினோம், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பிரபு விற்பனையாளரை அழைத்தான். அப்போது அவன் முறைப்படி மாற்றுத் தொடர்பாளர். புதுப்பிக்கும்போது அந்தக் கட்டம் எங்களுக்கும் பொருந்தும் என்று எழுதித் தராவிட்டால் கையெழுத்திட மாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அவர்களின் பொறியாளர் ஒருவர் உடனே வந்து, முடியும்வரை பிரபுவோடு இருந்தார். கெட்டிக்காரர். ஆதரவு என்று காகிதத்தில் இருப்பதை நான் குறைவாகச் சொல்லவில்லை. அதை வாங்கும் முன், ஒரு சாதாரண நாளில், பதிவில் இல்லாத ஒருவரை விட்டு ஒருமுறை அழைக்கச் சொல்லிப் பாருங்கள். எடுப்பவர் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். பெயரைக் கேட்கிறாரா, என்ன ஆயிற்று என்று கேட்கிறாரா? விலைப்பட்டியலில் இல்லாத விவரம் அதுதான். கற்பகம் கேட்ட இரண்டு பேரையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒப்பந்தம் வாங்கினாலும் அவர்கள் வேண்டும்.

அந்தப் பெயர்த் திருத்த டிக்கெட் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. நல்ல கொள்முதல் அதிகாரி கேட்டிருப்பார்.

அதற்குப் பதில் வந்தது. நகல் எனக்கும் வந்ததால், அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தேன்.

‘அன்புள்ள ஏகாம்பரம், தங்கள் பொறுமைக்கு நன்றி. தங்கள் வேண்டுகோளின்படி ஏகாம்பரம் என்ற பெயர் எங்கள் பதிவுகளிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இனி எங்கள் தகவல்கள் கற்பகம் அவர்களுக்கு அனுப்பப்படும். இந்த டிக்கெட் முடித்துவைக்கப்படுகிறது. தங்களுக்கு வேறு ஏதேனும் உதவி தேவையா?’

அவளும் பார்த்திருப்பாள். அழைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவளே அழைத்தாள். அவள் குரலுக்குப் பின்னால் பாத்திரச் சத்தமும், யாரோ உறவுக்காரர்களைப் பந்திக்குக் கூப்பிடுவதும் கேட்டது.

“பாத்தீங்களா மேடம்?” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. “பந்தயத்துல நைனாதான் ஜெயிச்சாரு.”

எந்தக் கடிதத்துக்கும் பதில் கிடைத்த தேதியைக் கோப்பில் குறிக்க வேண்டும் என்பது விதி. குறித்தேன்: மார்கழி மாதம், வியாழக்கிழமை, ஏகாம்பரத்தின் பதினாறாம் நாள்.